அந்தக் கை தூங்குது

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் நான் ஆசிரியை. மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ போட வைப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. போன மார்கழியில் எங்கள் தாளாளருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. மைசூரில் அவருக்குத் தெரிந்த ஒரு பெண்மணி சிலேட்டு, நோட்டு எதுவும் இல்லாமல் விளையாட்டை மட்டும் வைத்துப் பள்ளி நடத்துகிறாராம். “ஒரு வாரம் போய் இருந்து பாருங்க கலா. சும்மா ஆட விட்டா புள்ளைங்க என்னதான் கத்துக்கும்னு வந்து சொல்லுங்க. நாமளும் மாறலாமா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்” என்றார். என்ன சொல்வது என்று கிளம்பும்போதே முடிவு செய்து வைத்திருந்தேன். ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

மைசூரில் காலைக் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை. எதிரே இருந்த ஓட்டலில் தோசை கேட்டேன். பஞ்சு மாதிரி ஒன்று வந்தது, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டு. சாம்பாரைத் தொட்டதும் நாக்கு திகைத்தது. அவ்வளவு வெல்லம். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் இப்படி ஒரு சாம்பாரை ஊற்றினால் சம்பந்திச் சண்டை வரும். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று சொன்னேன்.

நகரப் பேருந்தில் எல்லாப் பலகையும் கன்னடத்தில். “விஜயநகர்?” என்று கேட்டு ஏறினேன். கண்டக்டர் பதிலுக்கு “எந்த ஸ்டேஜ்?” என்றார். எனக்கு என்ன தெரியும்? பின்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் என் கையிலிருந்த முகவரியைப் படித்து, இரண்டாவது ஸ்டேஜ் என்று எனக்காகச் சொன்னாள். அந்தப் பகுதியே அப்படித்தான், ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லா வீதியும் ஒன்று போலவே இருக்கிறது. வாசலில் கார், கேட்டில் நாய்ப் படம், மாடியில் ஓய்வு பெற்றவர் ஒருவர் செய்தித்தாளோடு.

பள்ளி என்பது ஒரு வீட்டின் கீழ்த்தளம். நடத்துகிறவர் வத்சலா. என் வயதுதான் இருக்கும். அப்பா ரயில்வே வேலைக்காக வந்தவர், இவர் பிறந்ததே மைசூரில். தமிழ் பேசுவார், ஆனால் நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். “மக்கள் எல்லாம் பின்னாடி இருக்காங்க, பன்னி” என்றார். ஒரு நொடி விழித்தேன். மக்கள் என்றால் அங்கே பிள்ளைகள். பன்னி என்றால் வாருங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு முகம் தெளிந்தது.

பின்கட்டில் மணல், ஒரு செண்பக மரம், தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் மிதக்கும் கிண்ணங்களும் ஸ்பாஞ்சுகளும். பிள்ளைகள் கிண்ணத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அளவு கற்றுக்கொள்கிறார்கள் என்றார் வத்சலா. சட்டையை நனைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கோடியில், மதில் ஓரமாக, நாலைந்து பேர் தனியாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் என் கண் போனதற்குக் காரணம் அவர்கள் சத்தமே போடவில்லை என்பதுதான். அப்பா அம்மா விளையாட்டு என்றால் எங்கள் பள்ளியில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். இங்கே ஒரு பையன் பாயில் மல்லாந்து கிடந்தான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெட்டைக் குடுமி போட்ட ஒரு பெண் குழந்தை கரண்டியால் மதிலை மூன்று தட்டு தட்டியது. பிறகு எல்லாரும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்கள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி. அப்புறம் ஒன்றாக, மெதுவாக, ஒரு பாட்டு.

“தீத்தா சாச்சி, தீத்தா சாச்சி, ஏள்ளு ஏள்ளு ஏளு.”

அது என்ன பாட்டு என்று வத்சலாவைக் கேட்டேன். அவர்களே கட்டியது, அர்த்தம் ஒன்றும் இல்லை என்றார். கன்னடத்தில் ‘ஏளு’ என்றால் எழுந்திரு. தூங்குகிறவரை எழுப்புகிற விளையாட்டு. கொஞ்ச நாளாக இதே ஆட்டம்தான், வேறு எதைக் கொடுத்தாலும் இதற்கே திரும்பி வந்துவிடுகிறார்கள் என்றார். ரெட்டைக் குடுமியின் பெயர் ஜான்வி, நாலு வயது, அவள்தான் தலைவி.

பாயில் கிடந்த பையன் கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிற நாலு வயதுப் பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் நேராக மதில் பக்கம் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அன்று ஜான்வி படுத்திருந்தாள். வாயின் ஒரு பக்கத்தைக் கீழே இழுத்து வைத்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு இடது பக்கம் ஒரு தம்ளரை வைத்தார்கள். அவள் தலையைத் திருப்பி அதையே பார்த்தாள். வலது கை மட்டும் தரையைப் பிராண்டியது. தம்ளர் பக்கம் இருந்த கை கிடந்தபடி கிடந்தது.

குனிந்து அந்தத் தம்ளரை அவள் இடது கையில் கொடுக்கப் போனேன். மற்ற பிள்ளைகள் ஒரே சமயத்தில் என்னைத் தடுத்தார்கள். ஜான்வி கோணிய வாயோடு ஏதோ சொன்னாள். வத்சலா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“அந்தக் கை தூங்குதாம்.”

அப்போதுதான் அது கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, உலோகத்தில் உலோகம் பட்டதுபோல. மூன்று தட்டு. பிள்ளைகள் யாரும் திடுக்கிடவில்லை. ஒரு பையன் கரண்டியை எடுத்துப் பதிலுக்குத் தட்டினான். நான் மட்டும் துள்ளி எழுந்தேன்.

வத்சலா என்னை உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். பின் வீடு பழைய வீடு. அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். பள்ளி ஆரம்பித்தபோது வந்து இங்கிலீஷில் வாழ்த்திவிட்டுப் போனாராம். மழைக்காலத்தில் பக்கவாதம் வந்துவிட்டது. “மாத்தே போயிடுச்சு பாவம். ஏதோ உளறுவார், யாருக்கும் அர்த்த ஆகல்ல. நோடிக்க ஒரு ஆள் வெச்சிருக்காங்க.” பேச்சே போய்விட்டது, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள் என்கிறார். பிள்ளைகள் அவருக்குக் ‘கோடெ தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோடெ என்றால் சுவர்.

“புள்ளைங்க அவரைப் பார்த்திருக்காங்களா?” என்றேன்.

இல்லையே, மதில் இவ்வளவு உயரம் இருக்கிறதே என்றார் வத்சலா. பிறகு, பெற்றோர் யாராவது வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கும் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்புமுன் அவரையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். பட்டன் அழுத்தி வெகு நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது. முப்பது வயதுக்காரர், லுங்கி, தோளில் துண்டு. வத்சலா கன்னடத்தில் விசாரித்தார். என்னிடம் அவர் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் அந்த ஆள் முகம் மலர்ந்தது.

“தமிழுங்களா? நானு ஹனூரு பக்கமுங்க. பேரு மாதேஷுங்க.”

ஹனூர் கொள்ளேகாலைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அவர் தமிழைக் கேட்டால் ஈரோட்டுக்காரர் என்றே நினைப்பீர்கள். ஐயா நன்றாக இருக்கிறார், இப்போதுதான் தூங்கினார், எந்நேரமும் சாமி நினைப்புதான், வாயில் மந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பூஜைப் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். உள்ளே உண்மையிலேயே ஏதோ ஸ்தோத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு குரலும் இருந்ததா என்று நான் காதைத் தீட்டினேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அதே ஓட்டல். இந்த முறை சௌசௌ பாத், அதாவது ஒரு தட்டில் இந்தப் பக்கம் காரமாகக் கிச்சடி, அந்தப் பக்கம் கேசரி. அடுத்த மேசையில் ஒரு குடும்பம். நெற்றியில் நாமம் போட்ட தகப்பன், மடியில் இரண்டு வயதுப் பெண். அவர்கள் பேசியது தமிழ்தான், ஆனால் நான் அதுவரை கேட்டிராத ஒரு தமிழ். பாதி எங்கள் ஸ்ரீரங்கத்து அக்கிரகாரத்தில் கேட்பது மாதிரி இருந்தது, பாதி இன்னும் பழசாக, நடுவில் கன்னடம் கலந்து. மேலுக்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பங்கள் வீட்டுக்குள் இப்படிப் பேசும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

காரம் பட்ட அந்தக் குழந்தை கண்ணில் நீர் வர, தகப்பன் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னது.

“தீத்தா. தீத்தா.”

தகப்பன் தண்ணீர்த் தம்ளரை அதன் வாயில் வைத்தார்.

என் கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. தீர்த்தம். எங்கள் ஊரில் எத்தனை வைஷ்ணவ வீட்டில் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தண்ணீர் என்றாலே தீர்த்தம்தான், கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கொடுங்கள் என்பதை மரியாதையாக ‘சாதிக்கணும்’ என்பார்கள். எழுந்தருள வேண்டும், வாருங்கள் என்பதற்கு ‘ஏள்ளணும்’. பிள்ளைகள் பாடியது பாட்டே இல்லை. தீர்த்தம் சாதிக்கணும், தீர்த்தம் சாதிக்கணும், ஏள்ளணும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அவ்வளவு மரியாதையாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார், அதைக் குழந்தைகள் மனப்பாடம் செய்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவாமல் எழுந்து ஓடினேன். வத்சலாவுக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை. பிள்ளைகள் வரும் நேரம். ஆட்டோக்காரரிடம் விஜயநகர் என்றேன், ஸ்டேஜைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அவர் நாலாவது ஸ்டேஜில் கொண்டுபோய் இறக்கினார். அங்கேயும் அதே கார்கள், அதே கேட்டுகள். பள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலி மனை இருந்தது. அந்த மனையைப் பார்த்தபடி நான் நின்ற நேரம் கொஞ்சம்தான். முகவரிச் சீட்டை எடுத்து நீட்டினேன். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பின்கட்டுக்கு ஓடியபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் மாறியிருந்தது. பாய் வெறுமனே கிடந்தது. படுத்திருக்க வேண்டிய பையன் பாயில் இல்லை. மதிலை ஒட்டி, வெறும் மண்ணில், குப்புறக் கிடந்தான். யாரும் தட்டவில்லை. யாரும் பாடவில்லை. ஜான்வி மதிலின் அடியில், அங்கே சாத்தியிருந்த பழைய டயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கன்னடத்தில் சொன்னாள். எளிய சொற்கள்தான், எனக்கே புரிந்தது.

“தாத்தா இன்னைக்கு இங்கேயே வந்துட்டாரு.”

டயரை நகர்த்தினேன். மதிலின் அடியில், தரையோடு தரையாக, மழைநீர் போவதற்கு விட்ட ஓர் ஓட்டை. என் கை நுழைகிற அளவு. நாங்கள் பெரியவர்கள் நின்ற உயரத்திலிருந்து அதைப் பார்த்திருக்கவே முடியாது. மண்டி போட்டேன், போதவில்லை. புடவையோடு வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்துக் கண்ணை ஓட்டையில் வைத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தது.

அலறினேனா என்று தெரியவில்லை. அலறியதாக வத்சலா பிறகு சொன்னார். திரும்ப வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாடி முளைத்த கன்னம் ஒன்று சிமெண்ட் தரையில் அழுந்திக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண் என்னையே பார்த்தது, இமைத்தது. அவருக்குப் பின்னால் திறந்த கதவு, கதவுக்குள்ளே ஒரு கட்டில், கட்டிலிலிருந்து தரையில் இழுபட்டு வந்த போர்வை. எங்கள் ஓட்டைக்கும் அவர் முகத்துக்கும் இடையில் இலை, பூ, மரக்கட்டை, நமுத்துப்போன பிஸ்கட் எல்லாம் சிதறிக் கிடந்தன. பிள்ளைகள் இத்தனை நாளாக அவருக்குத் தள்ளிவிட்டவை.

“மாமா, ஆள் வரா. இதோ வந்துண்டே இருக்கா” என்றேன். என் வாயில் அந்தப் பாஷை எப்படி வந்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கேட்டுக் கேட்டு வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும்.

வத்சலா ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் அடித்தார். முன்வாசல் வெளியே பூட்டியிருந்தது. பள்ளி வேன் ஓட்டுபவர் ஏணி தேடி ஓடினார். என் தண்ணீர் பாட்டில் ஓட்டையில் நுழையவில்லை. கைக்குட்டையைத் தேடினேன், ஓட்டலிலேயே விட்டிருக்கிறேன். என் தோளை யாரோ தட்டினார்கள். ஜான்வி. கையில் தண்ணீர்த் தொட்டியில் அவர்கள் ஆடுகிற ஸ்பாஞ்ச். அதை ஒரு முறை அழுத்திச் சுருட்டிக் காட்டினாள், பிறகு விட்டாள், அது மறுபடி பெரிதானது. இப்படிச் சின்னதாகும், உள்ளே போகும், அங்கே போய்ப் பெரிதாகும் என்று எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

பாட்டில் தண்ணீரில் அலசி நனைத்து உள்ளே தள்ளினேன். அவர் வலது கை வெகு நேரம் எடுத்துக்கொண்டு அதை எட்டிப் பிடித்தது. உதட்டில் வைத்துக்கொண்டார். வேன்காரர் அந்தப் பக்கம் குதிக்கிற சத்தம் கேட்கும் வரை நான் கையை நுழைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். ஸ்பாஞ்சை விட்டுவிட்டு அதே கையால் அவர் என் விரல்களில் இரண்டைப் பிடித்திருந்தார். பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பேசாமல், முந்தின நாள் ஜான்வியைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது மாதேஷ் வந்து சேர்ந்தார். முந்தின இரவு அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்திருக்கிறது. விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று பூட்டிக்கொண்டு ஹனூருக்குப் போயிருக்கிறார். வருகிற வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. பகலில் வேறு ஒரு வீட்டு வேலைக்கும் போய் வருவதைக்கூடச் சொன்னார். தீர்த்தம் தீர்த்தம் என்று ஐயா கேட்டது கோயில் தீர்த்தத்தை என்று நினைத்தேன், வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அதிகம் கொடுத்தால் படுக்கை நனைந்துவிடும் என்றார். கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டற தூரத்துலதானுங்க வெச்சுட்டுப் போனேன். செம்பு நெறைய வெச்சுட்டுப் போனேன்.”

செம்பு இன்னும் கட்டில் பக்கத்தில் இருந்தது. ஒரு சொட்டுக் குறையாமல். கட்டிலுக்கு இடது பக்கம்.

பிள்ளைகள் விளையாட்டில் கற்றுக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாலு வயதுகளுக்கு ஒரு மனிதனின் எந்தக் கை செத்தது என்று தெரிந்திருந்தது. வாய் எந்தப் பக்கம் கோணுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பது எப்படி இருக்கும், எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவர் விடாமல் மாறி மாறிப் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு எதிரிலேயே தினமும் செய்து காட்டினார்கள். முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன் நான்.

அடுத்த நாள் விஷயம் பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரே ரகளை. கொத்தனார் ஒருவர் வந்து ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்தார். அடைக்க வேண்டாமே என்றேன். வத்சலா என்னிடம் கோபப்படவில்லை. நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், நான் இங்கே பள்ளி நடத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகள் ஈர சிமெண்ட் காயும் வரை எதிரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் அவர்களைப் போகச் சொன்னார், போகவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு அவர்தான் போனார். மதியத்துக்கு மேல் அவர்கள் வேறு ஆட்டம் ஆரம்பித்தார்கள். ஒரு பெண் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தாள், ஒரு கண்ணை மூடினாள், பிறகு வாயை அகலத் திறந்து அலறினாள். மற்றவர்கள் பொறுமையாக, அவள் அலறி முடிக்கும் வரை, காத்திருந்தார்கள். அது நான்.

கிளம்பும் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பில் எலும்பு விரிசல், உடம்பில் நீர் வற்றியிருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார். மகன் போனில் முகம் காட்டிப் பேசியிருக்கிறான். மேலுக்கோட்டையிலிருந்து அவர் தங்கை மகள் வந்திருந்தாள், ஐம்பது வயது, ஓயாமல் பேசுகிறவள். மாமாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் போய்விட்டன, வீட்டுப் பாஷை மட்டும் நிற்கிறது, சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னாராம். இனிமேல் எங்கள் வீட்டில்தான் இருப்பார் என்றாள்.

பெரியவர் என் முகத்தை அடையாளம் காணவில்லை. பேசியதும் கண்டுகொண்டார். குழறலாகத்தான் பேசினார். தங்கை மகள் பக்கத்தில் குனிந்து ஒவ்வொன்றாக எனக்குத் திருப்பிச் சொன்னாள். முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று. பிறகு வலது கையால் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

“அதுகளுக்கு ஒண்ணும் புரியலை. ஆனாலும் பதில் சொல்லிண்டே இருந்துதுகள்.”

சிரிக்க முயன்றார். பாதி முகம்தான் சிரித்தது. எனக்கு உடனே ஜான்வியின் முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் தாளாளர் அழைத்துக் கேட்டார், சும்மா ஆடினால் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள் என்று. இருக்கிற எல்லாவற்றையும் என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே வகுப்பின் ஒரு மூலையில் பாயும் சொப்பும் பொம்மையும் வந்துவிட்டன. சிலேட்டை எடுக்கவில்லை; காலையில் எழுத்து, அதற்கப்புறம் ஆட்டம் என்று சமரசம்.

மூன்றாவதோ நாலாவதோ நாள். பிள்ளைகள் எல்லாம் மரத்தடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாழினி மட்டும் மூலையில் இருந்தாள். எழுத்து அழகாகப் போடுவாள், வம்பு தும்புக்குப் போகமாட்டாள், வருடம் முழுக்க அவளைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. பொம்மைக்குத் தலை சீவினாள். அலமாரியின் கீழ்த் தட்டில் அதை உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். பென்சிலைச் சாவி மாதிரி வைத்து இரண்டு தரம் திருப்பினாள். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, தன்னிடம் யாரோ சொன்ன மாதிரியே, வளர்ந்த ஓர் ஆளின் குரலில், அழுதால் இன்னும் நேரமாகும் என்று சொன்னாள்.

மரத்தடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“நானும் வெளையாட்டுக்கு வரட்டுமா?”

யாழினி என்னை வெகு நேரம் பார்த்தாள். என் முகத்தை, பிறகு வாசல் பக்கம், பிறகு மறுபடி என்னை.

“நீங்க பெரிசா இருக்கீங்க மிஸ். உள்ள எடம் பத்தாது.”

“ஒடுங்கி உக்காந்துக்கறேன்” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு பென்சிலை எதிர்ப்பக்கம் இரண்டு தரம் திருப்பி, எனக்காகக் கதவைத் திறந்தாள்.